மலையகத்திலிருந்து ஒரு சுப்பர்நோவாவின் ஒளியை அளப்பது எப்படி?

2023 மே 19 அன்று ஜப்பானிய வானியல் ஆர்வலர் கொய்ச்சி இத்தகாக்கி, மெசியே 101 என்ற விண்மீன் பேரடையின் சுருள் கை ஒன்றில் முன்பு இல்லாத ஓர் ஒளிப்புள்ளியைக் கண்டார். ஏறத்தாழ 2 கோடியே 10 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவில் ஒரு பெருவிண்மீன் வெடித்திருந்தது. 2023 ஐஎக்ஸ்எஃப் எனப் பெயரிடப்பட்ட அந்தச் சுப்பர்நோவா, கண்டுபிடிக்கப்பட்ட வேளையில் 15 ஆம் பருமனுக்கு அருகில் இருந்து, ஒரு வாரத்துக்குள் 11 ஆம் பருமன்வரை பிரகாசமடைந்தது. அந்த ஒரு வாரத்தில் அது எந்த மணியில் எவ்வளவு பிரகாசித்தது என்பதை நாம் இன்று அறிந்திருக்கிறோம் என்றால், பெரிய ஆய்வுகூடங்களோடு வீட்டு முற்றங்களிலிருந்து அளந்தவர்களும் அதற்குக் காரணம். இலங்கையில் இரவாக இருக்கும்போது அமெரிக்கக் கண்டங்களில் பகல், ஐரோப்பாவில் பெரும்பாலும் மாலை. நம்முடைய நெடுங்கோட்டில் வானத்தை அளப்பவர்கள் குறைவு என்பதால், நுவரெலியாவிலோ அப்புத்தளையிலோ ஒருவர் எடுக்கும் ஒற்றை அளவீடுகூட, நாளுக்கு நாள் பிரகாசம் மாறுவதைக் காட்டும் ஒளிவளைகோட்டில் ஒரு வெற்றிடத்தை நிரப்பக்கூடும். இந்த வேலையை இதுவரை செய்திராதவர்கள் அதைத் தொடங்குவதற்காக இக்கட்டுரையை எழுதுகிறேன்.

எதை அளக்கிறோம் என்பது முதலில் தெளிவாக வேண்டும். விண்மீனின் பிரகாசத்தைப் பருமன் என்ற எண்ணால் குறிப்பார்கள். எண் கூடினால் ஒளி குறையும். 5 பருமன் வேறுபாடு சரியாக 100 மடங்கு ஒளி வேறுபாட்டுக்குச் சமம். ஆகவே 1 பருமன் என்பது ஏறத்தாழ 2.512 மடங்கு. இந்த அளவுமுறையை 1856 இல் முன்மொழிந்தவர் நோர்மன் பொக்சன். அவர் 1861 இல் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்று, 1891 இல் இறக்கும்வரை அங்கேயே பணியாற்றினார். அவருக்குக் கீழ் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, வலை மண்டலத்தில் உள்ள ஆர் ரெட்டிக்குலி என்ற விண்மீனின் ஒளி மாறுவதை 1867 இல் கண்டறிந்தார். பாக்கு நீரிணைக்கு அக்கரையில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே நடந்த வேலை இது என்பதை நினைக்கும்போதெல்லாம், நாம் அந்நியமான எதையும் தொடங்கவில்லை என்ற உறுதி எனக்கு ஏற்படுகிறது.

சுப்பர்நோவாக்கள் எல்லாம் ஒரே விதமாக மங்குவதில்லை. எரிந்து முடிந்த விண்மீனின் அடர்ந்த எச்சமான வெண்குறுமீன் ஒன்று அணுக்கரு எரிவினால் முற்றாகச் சிதறுவது ஒன்று-ஏ வகை. அது இரண்டரை, மூன்று வாரங்களில் உச்சத்தை அடைந்து, பிறகு சில வாரங்கள் விரைவாகவும் அதன்பின் மெதுவாகவும் இறங்கும். அந்த ஒளிக்கு எரிபொருள் கதிரியக்கம்: வெடிப்பில் உருவாகும் நிக்கல்-56 ஏறத்தாழ 6 நாள் அரைவாழ்வுடன் கோபால்ட்-56 ஆகிறது, அது 77 நாள் அரைவாழ்வுடன் இரும்பாகிறது. பெருவிண்மீனின் மையம் இடிந்து விழுவதால் நிகழும் இரண்டாம் வகையில், பலவற்றின் ஒளி ஏறத்தாழ நூறு நாட்கள் பெரிய மாற்றமின்றி ஒரு மேட்டுநிலம்போல நின்று, பின்னர் சடுதியாகச் சரியும். அந்தச் சரிவு தொடங்கும் நாளைத் தவறவிடாமல் பிடிப்பதற்குத்தான் தொடர்ச்சியான அளவீடு வேண்டும். ஒரே நாளில் எடுத்த அழகான படம் அதற்கு உதவாது.

இடமும் காலமும்

நாம் வடக்கு 7 பாகை அகலக்கோட்டில் வாழ்கிறோம். ஆகவே வானத்தின் இரு அரைக்கோளங்களும் நமக்குக் கிடைக்கின்றன. ஒரு பொருள் உச்சத்தைக் கடக்கும்போது எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பதைக் கணிக்க, அதன் நடுவரை விலக்கத்துக்கும் (வான நடுவரையிலிருந்து அது வடக்கிலோ தெற்கிலோ விலகியிருக்கும் பாகை) 7 பாகைக்கும் உள்ள வேறுபாட்டை 90 இலிருந்து கழித்தால் போதும். வடக்கு 54 பாகையில் உள்ள மெசியே 101 நமக்கு 43 பாகை உயரத்துக்கு வரும். 2014 ஜனவரியில் சுப்பர்நோவா தோன்றிய மெசியே 82, வடக்கு ஏறத்தாழ 70 பாகையில் இருப்பதால், 27 பாகைக்கு மேல் ஏறாது. 1987 பெப்ரவரியில் வெறுங்கண்ணுக்கே தெரிந்த 1987ஏ வெடித்த பெரிய மகெல்லன் முகில், தெற்கே 14 பாகை உயரத்தில்தான் தவழும். அதைப் பார்க்க, அப்புத்தளை முகட்டைப் போலத் தெற்கு திறந்திருக்கும் இடம் வேண்டும். பள்ளத்தாக்கில் உள்ள வீட்டிலிருந்து எதிர்மலை அதை மறைத்துவிடும். எனவே முதல் வேலையாக, உங்கள் முற்றத்தில் நின்று எட்டுத் திசையிலும் மலையும் மரமும் கூரையும் எவ்வளவு உயரம்வரை மறைக்கின்றன என்று ஒரு தாளில் வரைந்து வையுங்கள். நீட்டிய கையின் மூடிய முட்டி ஏறத்தாழ 10 பாகை.

மேகத்தைப் பற்றி மலையகத்தாருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை போன்ற மேற்குச் சரிவுகளில் தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்ரெம்பர் வரை வானத்தை மூடிவிடுகிறது. அங்கே தை, மாசி, பங்குனி மாதங்களே தெளிவானவை. பதுளை, பண்டாரவளை அடங்கிய ஊவாப் பக்கமோ அதற்கு மறுதலை: வடகீழ்ப் பருவத்தில் நனைந்து, மேற்கே மழை கொட்டும் ஜூன் முதல் செப்ரெம்பர் வரை வறண்டு கிடக்கும். ஒரு சுப்பர்நோவாவைப் பல மாதங்கள் பின்தொடர வேண்டுமானால், மலையின் இரு பக்கத்திலும் ஒவ்வொருவர் இருப்பதுதான் சரியான ஏற்பாடு. ஹட்டனில் ஒருவரும் பண்டாரவளையில் ஒருவரும் இணைந்தால், ஒருவர் குடைக்குள் இருக்கும் காலத்தில் மற்றவர் தொலைநோக்கியில் இருப்பார். எத்தனை விலையுயர்ந்த கருவியும் இந்த நட்புக்கு ஈடாகாது என்பது என் கருத்து. இந்த இணைப்பில் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

நிலவு இல்லாத இரவுகளைத் தேர்ந்தெடுக்க நம் வீட்டு நாட்காட்டியே போதும், ஏனெனில் அதில் போயா தினங்கள் குறிக்கப்பட்டிருக்கும். பௌர்ணமிப் போயாவுக்கு முந்திய நான்கு நாட்களும் பிந்திய நான்கு நாட்களும் மங்கலான சுப்பர்நோவாவுக்கு ஏற்றவை அல்ல. ஆனால் பிரகாசமான ஒன்றுக்கு அந்த நாட்களையும் விடக்கூடாது.

தோட்டத்துக்குள் இரவில் நிற்பதாயின் நிர்வாகத்திடம் அனுமதி பெற்று, காவலாளியிடமும் அருகிலுள்ள லயத்தில் இருப்பவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; இருட்டில் மலைமேட்டில் நகரும் வெளிச்சம் அவர்களைக் கலவரப்படுத்தும். சிறுத்தை நடமாடும் பகுதிகளில் தனியாகப் போகவே வேண்டாம். தேயிலைச் செடிகளுக்கு நடுவே நிற்பதைவிட வீட்டு முற்றமோ பாடசாலை மைதானமோ பாதுகாப்பானது, அட்டையும் குறைவு.

கருவி

7×50 பைனாகுலர் கொண்டு இருண்ட வானத்தில் 9 ஆம் பருமன்வரை பார்க்கலாம்; 6 அங்குலத் தொலைநோக்கி ஏறத்தாழ 13 ஆம் பருமன்வரை காட்டும். 13 ஐவிடப் பிரகாசமான சுப்பர்நோவாக்கள் ஆண்டுக்குச் சிலவே தோன்றும் என்பதால், கண்ணால் அளக்க விரும்புபவருக்கு 6 அல்லது 8 அங்குலம் பொருத்தமானது. கமராவால் அளப்பவருக்குச் சிறிய கருவியே போதும்: 50 மில்லிமீற்றர் வில்லையுள்ள தானியங்கித் தொலைநோக்கியில் பல குறும்படங்களை அடுக்கிச் சேர்த்தால், கண்ணுக்கு எட்டாத விண்மீன்களும் பதியும். எதை வாங்கினாலும் மலையகத்தில் அதன் எதிரி ஈரம். வில்லையின் முன்னே அட்டையாலோ முகாம் பாயாலோ ஒரு நீண்ட குழல் செய்து மாட்டினால் பனி படிவது தாமதமாகும். வேலை முடிந்ததும் மூடியை உடனே இட்டு ஈரத்தைச் சிறைப்படுத்தாமல், உலர்ந்த அறையில் சற்றுத் திறந்து வைத்து, பின்னர் சிலிக்கா ஜெல் பைகளுடன் காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள். வில்லையில் பூஞ்சணம் படர்ந்துவிட்டால் பெரும்பாலும் மீட்க முடியாது.

முதலில் பழகுங்கள்

சுப்பர்நோவா தோன்றும்வரை காத்திருக்க வேண்டாம். ஒளி மாறும் விண்மீன்களை வெறுங்கண்ணால் மதிப்பிட்டுப் பழகியவரே, ஒன்று வெடிக்கும் நாளில் தயாராக இருப்பார். மேற்குச் சரிவினருக்குத் தை, மாசி மாதங்களில் திருவாதிரை இருக்கிறது; அது நம் தலைக்கு நேர்மேலாகவே கடக்கிறது. 2019 இன் இறுதியில் மங்கத் தொடங்கிய திருவாதிரை, 2020 பெப்ரவரியில் ஏறத்தாழ 1.6 பருமனுக்கு இறங்கியதை உலகெங்கும் மக்கள் வெறுங்கண்ணாலேயே உணர்ந்தார்கள். ரோகிணி 0.9, புனர்பூசத்தின் பிரகாசமான விண்மீன் 1.1 என்று கொண்டு அவற்றோடு ஒப்பிட்டு வாரம் ஒருமுறை எழுதி வாருங்கள். ஊவாப் பக்கத்தவருக்கு ஆடி முதல் புரட்டாதி வரை திருவோணத்துக்கு அருகில் உள்ள ஈட்டா அக்குவிலே பொருந்தும், 7.18 நாள் சுழற்சியில் அது 3.5 இலிருந்து 4.3 வரை ஏறி இறங்குகிறது. இரண்டு சுழற்சிகளை உங்கள் சொந்தப் புள்ளிகளால் வரைந்து முடித்தீர்களானால், உங்கள் கண்ணை நீங்களே நம்பத் தொடங்குவீர்கள்.

சுப்பர்நோவாவைத் தேர்ந்து, வரைபடம் பெறுதல்

புதிய சுப்பர்நோவாக்களின் அதிகாரபூர்வப் பட்டியலை 2016 முதல் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தற்காலிகப் பொருள்களுக்கான பெயர்ச் சேவையகம் பராமரிக்கிறது. நிறமாலை எடுத்து உறுதி செய்யும்வரை பெயருக்கு முன் ஏடி என்றும், உறுதியானபின் எஸ்என் என்றும் இருக்கும். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானவை பதிவாகின்றன. அவற்றுள் உங்கள் கருவிக்கு எட்டுவதும், இருட்டிய பின் 30 பாகைக்கு மேல் நிற்பதும், அடுத்த இரண்டு மாதங்களுக்கு மாலை வானத்தில் தங்குவதுமான ஒன்றை மட்டும் எடுங்கள். மூன்றைத் தொடங்கி மூன்றையும் பாதியில் விடுவதைவிட ஒன்றை முழுமையாகத் தொடர்வது மேல்.

அடுத்து, அமெரிக்க மாறொளிர் விண்மீன் நோக்குநர் சங்கத்தின் தளத்துக்குச் செல்லுங்கள். ஏஏவிஎஸ்ஓ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இச்சங்கம் 1911 இல் தொடங்கப்பட்டது. எந்த நாட்டவரும் நோக்குநர் குறியீடு பெற்று அளவீடுகளை அனுப்பலாம். சுப்பர்நோவாவின் பெயரைக் கொடுத்தால், ஒப்பீட்டு விண்மீன்கள் குறிக்கப்பட்ட வரைபடம் கிடைக்கும். அதில் 107 என்று இருந்தால் 10.7 பருமன் என்று பொருள்; தசமப் புள்ளியை விண்மீன் என்று எண்ணிவிடக்கூடும் என்பதால் அதை இடுவதில்லை. உங்கள் தொலைநோக்கி காட்சியைத் தலைகீழாக்குகிறதா, இடவலமாகப் புரட்டுகிறதா என்பதற்கேற்ப வரைபடத்தின் திசையைத் தேர்ந்து அச்சிடுங்கள். ஒவ்வொரு வரைபடத்துக்கும் உள்ள அடையாள எண்ணைப் பதிவேட்டில் எழுதத் தவறாதீர்கள்.

கண்ணால் மதிப்பிடுதல்

கண்ணை இருபது, முப்பது நிமிடம் இருளுக்குப் பழக்குங்கள். சிவப்புத் தாள் சுற்றிய டோர்ச் தவிர வேறு வெளிச்சம் வேண்டாம். கையடக்கத் தொலைபேசியை ஒரு கணம் பார்த்தாலும் பழக்கியது வீணாகும். சுப்பர்நோவா இருக்கும் இடத்தை உறுதிசெய்த பின், உருப்பெருக்கத்தைச் சற்றுக் கூட்டுங்கள். பேரடையின் மங்கலான ஒளி பரந்து மெலியும். விண்மீன்போன்ற சுப்பர்நோவா தனித்து நிற்கும். 2023 ஐஎக்ஸ்எஃப் என்ஜிசி 5461 என்ற ஒளிரும் வாயு முகிலுக்கு அருகில் இருந்ததால், அதனோடு குழப்பிக்கொள்ளும் அபாயம் இருந்தது. இத்தகைய இடங்களில் பழைய படம் ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே எண் எழுத வேண்டும்.

இப்போது சுப்பர்நோவாவைவிடச் சற்றுப் பிரகாசமான ஒன்றையும் சற்று மங்கலான ஒன்றையும் ஒப்பீட்டுக்குத் தேர்ந்து, மூன்றையும் மாறி மாறிப் பாருங்கள். பிரகாசமானது 10.7, மங்கலானது 11.3 என்று கொள்வோம். சுப்பர்நோவா அந்த இடைவெளியில் பிரகாசமானதிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருப்பதாகத் தோன்றினால், இடைவெளி 0.6 இன் மூன்றில் ஒன்று 0.2, ஆகவே மதிப்பீடு 10.9. ஒவ்வொன்றையும் பார்வைப் புலத்தின் நடுவுக்குக் கொண்டுவந்து, சற்றுப் பக்கவாட்டில் நோக்குங்கள். சிவந்த விண்மீனை உற்று நோக்கிக்கொண்டே இருந்தால் அது மேலும் பிரகாசமாகத் தோன்றும் என்பதால், குறும்பார்வைகளே நல்லவை. ஒப்பீட்டு விண்மீன்கள் சுப்பர்நோவாவின் உயரத்திலேயே இருக்க வேண்டும். அடிவானத்தை நெருங்க நெருங்க வளிமண்டலம் ஒளியைக் கூடுதலாக விழுங்கும்.

நேற்று எழுதிய எண்ணைப் பார்த்துவிட்டு இன்று மதிப்பிடாதீர்கள். இந்த வேலையில் மிகப் பெரிய பிழை கருவியால் வருவதன்று, எதிர்பார்ப்பால் வருவது. சுப்பர்நோவா மங்க வேண்டும் என்று மனம் நினைத்தால் கண் அதை மங்கலாகவே காட்டும். நான் ஒவ்வொரு இரவின் மதிப்பீட்டையும் தனித்தனித் துண்டில் எழுதி மடித்து வைத்து, மாத இறுதியில்தான் பதிவேட்டில் சேர்க்கிறேன். மூடுபனிக்கிடையே கிடைத்த பத்து நிமிடத்தில் சுப்பர்நோவா தெரியவில்லை, ஆனால் 12.8 பருமன் விண்மீன் தெரிந்தது என்றால், அதுவும் அளவீடுதான்: 12.8 ஐவிட மங்கல் என்று அதற்குரிய குறியோடு அனுப்புங்கள். வெடிப்புக்கு முந்திய இரவின் இத்தகைய வெற்றுப் பதிவு, வெடிப்பு நேரத்தையே கட்டுப்படுத்தித் தரலாம்.

கமராவால் அளத்தல்

2016 செப்ரெம்பர் 20 அன்று ஆர்ஜென்டீனாவின் ரொசாரியோ நகரில் விக்டர் பூசோ என்ற ஆர்வலர், தம் புதிய கமராவைச் சோதிப்பதற்காக என்ஜிசி 613 என்ற பேரடையைத் தொடர்ந்து குறும்படங்களாக எடுத்தார். சுப்பர்நோவா ஒன்றின் அதிர்வலை விண்மீனின் மேற்பரப்பைப் பிளந்து வெளிவரும் முதல் ஒளி அவற்றில் பதிந்தது. அவர் படங்களை அழிக்காமல், நேரத்தோடு, ஒரே அமைப்பில் எடுத்திருந்ததால்தான் அவை விஞ்ஞானமாயின.

டிஎஸ்எல்ஆர் கமராவாயின் படங்களை ரோ கோப்பாகவே சேமியுங்கள். ஜேபெக் கோப்பு ஒளியளவைத் திரித்துவிடும். வில்லையை மூடி அதே நேர அளவில் சில இருட்படங்களையும், சீரான வெளிச்சத்தை நோக்கிச் சில சமவொளிப் படங்களையும் எடுத்து, சிரில் போன்ற இலவச மென்பொருளில் திருத்துங்கள். பிறகு பச்சை வண்ணப் படத்தை மட்டும் பிரித்தெடுங்கள். அது வானியலாளரின் கட்புல வடிகட்டிக்கு ஓரளவு நெருக்கமானது. மென்பொருள், சுப்பர்நோவாவைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்து அதற்குள் விழுந்த ஒளியைக் கூட்டி, வெளிவளையத்தின் பின்னணியைக் கழிக்கும். பேரடையின் பிரகாசமான பகுதி வளையத்துக்குள் அகப்படாதபடி பாருங்கள். ஒப்பீட்டு விண்மீனின் ஒளி கமராவின் கொள்ளளவை மீறி நிரம்பி வழிந்திருந்தால் அதன் எண் பொய், அதைத் தவிருங்கள்.

கணக்கு எளியது. மென்பொருள் தரும் ஒளி எண்ணிக்கை சுப்பர்நோவாவுக்கு 24,000, ஒப்பீட்டு விண்மீனுக்கு 60,000, அந்த விண்மீனின் பருமன் 11.2 என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 0.4, அதன் மடக்கை ஏறத்தாழ −0.4, அதை −2.5 ஆல் பெருக்கினால் 1.0. ஆகவே சுப்பர்நோவா 12.2 பருமன். இதே முறையில், பருமன் தெரிந்த இன்னொரு விண்மீனையும் சோதனைக்காக அளந்து பாருங்கள். அதன் எண் இரவுக்கிரவு ஆடினால் உங்கள் சுப்பர்நோவா எண்ணும் அதே அளவு ஆடுகிறது என்று அறியுங்கள். அறிக்கையில் பச்சை வண்ண அளவீட்டை டிஜி (TG) என்றும், வடிகட்டியின்றி எடுத்ததைச் சிவி (CV) என்றும் குறிக்க வேண்டும்.

நேரமும் அறிக்கையும்

எல்லா நேரத்தையும் உலக நேரத்துக்கு மாற்றுங்கள்: இலங்கை நேரத்திலிருந்து 5 மணி 30 நிமிடத்தைக் கழிக்க வேண்டும். 2023 மே 22 இரவு 9.15 என்பது உலக நேரம் 15.45, வானியலாளர்கள் நாட்களைத் தொடர்ச்சியாக எண்ணும் ஜூலியன் நாள் கணக்கில் 2460087.156. விடியற்காலை 5.30 க்கு முன் எடுத்த அளவீட்டுக்குத் திகதியும் ஒரு நாள் பின்னே போகும். என் முதல் பதிவேட்டில் நான் நேரத்தை மாற்றித் திகதியை மாற்றாமல் விட்டதால், நள்ளிரவுக்குப் பின் எடுத்த புள்ளிகள் எல்லாம் ஒரு நாள் தள்ளி நின்றன. வேகமாக ஏறும் சுப்பர்நோவாவுக்கு அந்த ஒரு நாள் ஒரு பருமனுக்கும் மேற்பட்ட பிழை.

இருவர் சேர்ந்து செய்யும் அளவீட்டில் உள்ள நுட்பம் என்று முன்னர் சொன்னது இதுதான். ஹட்டன்காரரின் கண்ணும் பண்டாரவளைக்காரரின் கண்ணும் ஒன்றல்ல. அவர்களது கமராக்களும் அப்படியே. ஒருவர் வழக்கமாக 0.2 பருமன் மங்கலாக மதிப்பிடுவாராயின், பருவக்காற்று மாறி அளவீடு கைமாறும் மாதத்தில் சுப்பர்நோவா சடுதியாகச் சரிந்ததுபோல் ஒரு பொய்ப்படி தோன்றும். அதனால் இருவரும் ஒரே அடையாள எண்ணுள்ள வரைபடத்தையும் ஒரே ஒப்பீட்டு விண்மீன்களையும் பயன்படுத்த வேண்டும். இரு பக்கமும் ஓரளவு திறந்திருக்கும் பங்குனி, சித்திரை மாதங்களில் குறைந்தது ஐந்தாறு இரவுகளாவது ஒரே நேரத்தில் அளந்து, தங்கள் எண்களுக்கிடையேயுள்ள நிலையான வேறுபாட்டைக் கண்டுகொள்ள வேண்டும். ஆனால் அந்த வேறுபாட்டைக் கொண்டு எண்ணைத் திருத்தி அனுப்பாதீர்கள். கண்டதைக் கண்டபடியே அனுப்பி, வேறுபாட்டைக் குறிப்பில் எழுதுங்கள். திருத்துவது ஆய்வாளரின் வேலை.

உச்சத்தை ஒட்டிய மூன்று வாரங்களில் தெளிந்த இரவெல்லாம் அளவிடுங்கள். மேட்டுநிலக் காலத்தில் மூன்று நாட்களுக்கு ஒருமுறை போதும். ஆனால் சரிவு தொடங்கியதும் மீண்டும் ஒவ்வொரு இரவும் வேண்டும். சுப்பர்நோவா கருவிக்கு எட்டாமல் மறைந்த பின்னும் கமராக்காரருக்கு ஒரு வேலை மீதமிருக்கும். அடுத்த ஆண்டு அதே மாதத்தில், அதே தொலைநோக்கியால், அதே நேர அளவில் வெறும் பேரடையை மட்டும் ஒருமுறை படமெடுத்து வையுங்கள். அந்தப் படத்தைப் பழைய படங்களிலிருந்து கழித்தால் பேரடையின் ஒளி நீங்கி, சுப்பர்நோவா மங்கிய இறுதி வாரங்களின் அளவீடுகளும் திருத்தமாகக் கிடைக்கும். அவற்றை மீள அளந்து, முன்பு அனுப்பிய எண்களுக்குப் பதிலாக ஏற்றிவிடுங்கள்.